அவள் ஓடுவாள், நீங்கள் காத்திருப்பீர்கள்: மலையோட்டத்துக்குத் துணை போகிறவருக்கு ஒரு முழு வழிகாட்டி

போடியிலிருந்து மேலே ஏறும் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிறு மாலை அந்தப் பதினேழையும் என் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினாள்.

காரணம் நான்தான். மூணாறுக்கும் சூரியநெல்லிக்கும் நடுவே தேயிலை எஸ்டேட் பாதைகளில் நடந்த 60 கிலோமீட்டர் ஓட்டம் அது. 41-வது கிலோமீட்டரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "போதும் புள்ள, வண்டில ஏறு" என்றேன். ஏறிவிட்டாள். பூப்பாறை வந்து நாலு வாய் தயிர்சாதம் உள்ளே போனதும் அழுகை நின்றது. போடிமெட்டு வருவதற்குள் கால் வலியும் பாதி போய்விட்டது. அப்புறம்தான் பேச்சும் நின்றது. அடி இல்லை, காய்ச்சல் இல்லை, அந்த இடத்தைத் தாண்டியாக வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இன்னும் 50 நிமிடம் இருந்தது. சோற்றை எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று முறை துணைக்குப் போயிருக்கிறேன். மூன்றையும் முடித்தாள். எனக்குத் தொழில் ஏலக்காய். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பழக்கமில்லை. ஆனால் மலையோட்டத்தில் ஓடாதவனுக்கும் ஒரு முழு நாள் வேலை இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் இது. உங்கள் வீட்டில் ஓடுகிறவர் கணவர் என்றால் 'அவள்' வருகிற இடத்தில் எல்லாம் 'அவர்' என்று படித்துக்கொள்ளுங்கள், மற்றதில் மாற்றம் எதுவும் இல்லை.

மூன்று மாதம் முன்பு: எந்த ஓட்டம், எவ்வளவு பெரியது

கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தேனியிலிருந்து மதுரை வரை தார் ரோட்டில் ஓடுவதும் மலையில் அதே தூரம் ஓடுவதும் ஒன்றல்ல. சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 60 கிலோமீட்டர் ஓட்டத்தில் மொத்த ஏற்றம் 2,800 மீட்டர் என்றால் அது 88 கிலோமீட்டருக்குச் சமம். முதல் தடவை இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. எட்டு மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்து மதியச் சாப்பாட்டுக்கு மூணாறில் இடம் பார்த்து வைத்திருந்தேன்.

விதிப் புத்தகத்தை வரி விடாமல் படிக்க வேண்டியது ஓடுகிறவர் அல்ல, நீங்கள். மூன்று விஷயங்களை அதில் தேடுங்கள். துணை ஆள் எந்த எய்டு ஸ்டேஷன்களில் (வழியில் தண்ணீரும் தீனியும் கிடைக்கும் நிறுத்தங்கள்) நிற்கலாம், ஒவ்வொரு இடத்தின் கட்-ஆஃப் நேரம் என்ன, கட்டாயம் சுமக்க வேண்டிய சாமான் என்னென்ன. சில ஓட்டங்களில் துணைக்கே அனுமதி கிடையாது. ஒரு பையைக் கட்டிக் கொடுத்தால் அவர்களே குறிப்பிட்ட இடத்தில் கொண்டு வைப்பார்கள். அனுமதி இருந்தாலும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் யூடிஎம்பி ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம். அதிலேயே துணை ஆள் உதவக்கூடிய இடங்கள் சிலதான். மற்ற இடத்தில் கையில் ஒரு பழத்தைக் கொடுத்தாலும் தண்டனை. "நம்ம ஊர்தானே, யார் பார்க்கப் போறா" என்று வளைவில் வண்டியை நிறுத்தி இளநீர் கொடுக்கிற புண்ணியவான்களால்தான் பாதி சண்டை வருகிறது. போவது அவளுடைய ஒரு வருடப் பயிற்சி.

துணைக்கு ஆள் நிற்கும் வழக்கம் ஒன்றும் புதிதல்ல. 1974-ல் கலிஃபோர்னியாவில் கோர்டி ஐன்ஸ்லே என்பவர் 100 மைல் குதிரைப் பந்தயப் பாதையைக் குதிரை இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் அதிலிருந்து பிறந்தது. குதிரைக்கு வழியில் தண்ணீர் காட்ட ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் இப்போது நாம் என்று நான் சொல்வேன். என் மனைவிக்கு இந்த ஒப்பீடு பிடிக்காது.

மூன்று வாரம் முன்பு: நிறுத்துகிற பேச்சை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு, டிவியை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். எந்தெந்தக் காரணத்துக்காக ஓட்டத்தை நிறுத்தலாம் என்று எழுதுங்கள். அவள் சொல்ல வேண்டும், நீங்கள் எழுத வேண்டும்.

எங்கள் நோட்டில் இருப்பது இது. பேச்சு குழறினால், இடம் நேரம் தெரியாமல் உளறினால் நிறுத்த வேண்டும், அவள் மறுத்தாலும். சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் நிறுத்த வேண்டும். தசை உடைந்து கிட்னிக்குப் போகிற அறிகுறி அது. விரல், முகம் வீங்கித் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் நிறுத்த வேண்டும். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கலாம், அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. நெஞ்சு வலி. உடை மாற்றி, கம்பளி போர்த்திச் சூடாகக் கொடுத்த பிறகும் நிற்காத நடுக்கம். வெயிலில் உடம்பு கொதித்து நிதானம் தப்புவது. ஊன்ற முடியாத கால். இதில் எது வந்தாலும் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு, உடனே டாக்டரிடம் போகிறோம்.

இன்னொரு பக்கத்தில், எதற்காக நிறுத்தக் கூடாது என்றும் எழுதினோம். அழுகை. "எதுக்கு இந்தக் கூத்து" என்கிற கேள்வி. வயிற்றைப் புரட்டல். கொப்புளம். பின்னால் வந்தவர்கள் முந்திப் போனது. எனக்குப் பாவமாக இருப்பது. கடைசியை அவள்தான் சொன்னாள். எழுதும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

கூடவே ஒரு விதியும் வைத்தோம். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் முதலில் சாப்பிட வேண்டும், பத்து நிமிடம் உட்கார வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும். பெரும்பாலும் அப்புறம் கேட்பதில்லை.

ஏன் இவ்வளவு முன்ஏற்பாடு என்றால், கட்டிக்கொண்டவருக்குத்தான் இந்த வேலை கஷ்டம். தெரியாத ஒரு தொண்டர் "ஓடு ஓடு" என்று சொல்லிவிடுவார். நாம் அவள் நொண்டுவதை 200 மீட்டர் தள்ளியே பார்த்துவிடுவோம். அந்த நேரத்தில் முடிவெடுக்க நம்மை விட்டால் தப்பாகத்தான் எடுப்போம். அதனால் அன்றைக்கு நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், நோட்டைப் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பு: நேர அட்டை

ஒரு அட்டையில் நான் நிற்கப் போகிற இடங்களை எழுதி, எதிரே மூன்று நேரம் எழுதுவேன்: நன்றாக ஓடினால், வழக்கம்போல் ஓடினால், சொதப்பினால். நான்காவதாகச் சிவப்பில் கட்-ஆஃப். நன்றாக ஓடும் நேரத்துக்கு அரை மணி முன்பே நான் அங்கே இருக்க வேண்டும். அவள் வந்தபோது நான் இல்லாத ஒரே ஒரு தடவைக்கு இன்னும் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மலை ரோட்டுக் கணக்கு வேறு. போடியிலிருந்து மூணாறு 70 கிலோமீட்டருக்குள்தான். சனி ஞாயிறு என்றால் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. கேப் ரோட்டில் போட்டோ எடுக்க நிறுத்துகிற வண்டிகள், மூணாறு டவுனில் டூரிஸ்ட் நெரிசல், மழை பெய்தால் மண் சரிவு. 20 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடத்துக்கு உங்கள் கார் போகவே போகாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்தான். அந்தப் பாதையைப் பார்த்தால் கார் வைத்திருப்பவர் யாரும் ஆசைப்பட மாட்டார். பாதை அப்படிப் போகிற ஓட்டம் என்றால் ஜீப்பை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.

செல்போனை நம்ப வேண்டாம். ஒரு மேட்டில் நாலு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. மேப்பை முன்பே இறக்கி வையுங்கள், அட்டையைக் காகிதத்தில் எழுதுங்கள், ஆளுக்கு ஒரு பிரதி. இரண்டு கம்பெனி சிம் இருந்தால் நல்லது. பெட்ரோலைப் போடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் எண் இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான் என்றாலும், நீங்கள் நிற்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் பக்கத்து ஆஸ்பத்திரி எது, அது மூணாறு பக்கமா அடிமாலி பக்கமா, கீழே இறங்கித் தேனி மெடிக்கல் காலேஜா என்று அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

முதல் நாள்: மூன்று டப்பா

வண்டியின் டிக்கியில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால், இருட்டில் வாஸ்லினைத் தேடி ஊறுகாய் பாட்டிலை எடுப்பீர்கள். எடுத்திருக்கிறேன். மூடி போட்ட மூன்று டப்பா போதும்.

முதல் டப்பா வாய்க்கு. இரண்டாவது காலுக்கும் தோலுக்கும்: வாஸ்லின், பிளாஸ்டர் டேப், கத்தரிக்கோல், சுத்தமான ஊசி, கிருமிநாசினி, பஞ்சு, பவுடர், மூன்று ஜோடி சாக்ஸ், அரை சைஸ் பெரிய மாற்று ஷூ. பல மணி நேரம் ஓடினால் பாதம் வீங்கும். அந்த அரை சைஸ் கடைசி 20 கிலோமீட்டரில் பெரிய நிம்மதி. மழை முடிந்த மாதங்களில் அட்டைக்கடிக்கு உப்பும் சுண்ணாம்பும் ஒரு டப்பியில். எஸ்டேட்காரர்கள் மூக்குப்பொடி வைத்திருப்பார்கள், அதுவும் கேட்கும். மூன்றாவது டப்பா குளிருக்கும் இருட்டுக்கும்: மழைச் சட்டை, கம்பளிக் குல்லா, கையுறை, இரண்டு மாற்று பனியன், துண்டு, ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி, பவர் பேங்க்.

குளிரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். போடியில் பனியனோடு கிளம்புகிறவர் மூணாறில் இறங்கினால் ஜனவரி விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். புல்லில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது. ஈரச் சட்டையோடு ஐந்து நிமிடம் நின்றால் தெரியும்.

உங்களுக்கு ஒரு பை தனி. மடக்கு நாற்காலி இரண்டு, போர்வை, குடை, ஃபிளாஸ்க், உங்கள் சாப்பாடு, உங்கள் மாத்திரை, சில்லறை. தண்ணீரை எவர்சில்வர் கேனில் கொண்டுபோங்கள்; மூணாறு பக்கம் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி அதிகம். குழந்தையை மலைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் மகளைப் போடியில் அத்தை வீட்டில் விட்டுவிடுவோம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மூக்குத் துடைக்க என்னால் ஆகாது.

சாப்பாடு: இதில்தான் பாதி ஓட்டம்

ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நன்றாகப் பழக்கப்படுத்திய வயிறு 90 வரை தாங்கும். கேட்க எளிது. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம், ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் சர்க்கரைக் கூழான ஜெல் ஒரு பாக்கெட்டில் 20-25. அதாவது மணிக்கு இரண்டு பழம், பத்து மணி நேரத்துக்கு இருபது. பழத்தை மட்டும் கொடுத்தால் ஐந்தாவதில் கையெடுத்துக் கும்பிடுவாள். அதனால் இனிப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் டப்பாவில் இருக்க வேண்டும்.

காலையில் இனிப்பு இறங்கும்: கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஜெல். மேட்டுக்கு அந்தப் பக்கம் கடைகளில் ஏத்தப்பழம் (நேந்திரம்) புழுங்கியது கிடைக்கும், அது அருமையான சரக்கு. வெயில் ஏறியதும் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, புளிச்சாதம் உருண்டை, மோர். கடைசி நேரத்தில் எதையும் மெல்ல முடியாது; ஃபிளாஸ்கில் ரசம் கலந்த குழைந்த சாதத்தைக் கஞ்சியாகக் கொடுங்கள். என் மாமியார் மிளகு ரசத்தை 52-வது கிலோமீட்டரில் குடித்துவிட்டு என் மனைவி சொன்னதை அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை; சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஓட்ட நாளில் புதிதாக எதையும் தராதீர்கள். பயிற்சியில் சாப்பிட்டது மட்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு தப்பு உண்டு. "தண்ணி குடி, தண்ணி குடி" என்று ஊட்டுவோம். தாகத்துக்குக் குடிக்கட்டும், அது போதும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஏற்றுவதுதான் மேலே சொன்ன உப்புக் குறைவுக்குக் காரணம். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுங்கள்.

வலி மாத்திரை கேட்பாள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையறா எதையும் ஓட்டத்துக்கு நடுவில் தராதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை கிட்னியைப் பதம் பார்க்கும். எங்கள் டப்பாவில் அந்த மாத்திரையே இருக்காது. இருந்தால் கொடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஓட்ட நாள்: அந்த நான்கு நிமிடம்

விடியாத நேரத்தில் தொடங்கும். எண் அட்டையான பிப் சட்டையில் குத்தியிருக்கிறதா, விசில், அவசரப் போர்வை, ஹெட்லேம்ப் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், இரண்டாம் தடவை பார்த்தால் எரிச்சல் வரும். அவள் கிளம்பியதும் நீங்கள் பின்னாலேயே கிளம்பாதீர்கள். ஒரு கட்டன் சாயா குடியுங்கள். முதல் சந்திப்புக்கு நிறைய நேரம் இருக்கிறது.

எய்டு ஸ்டேஷனில் தொண்டர்கள் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, அவள் வரும் திசையைப் பார்த்து நாற்காலியைப் போடுங்கள். முன்னால் துண்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். ஒரே நிறக் குடையைப் பிடித்து நில்லுங்கள், தூரத்திலிருந்தே தெரியும். எங்களுடையது மஞ்சள்.

வந்ததும் வரிசை இதுதான். முதலில் பாட்டில்களை வாங்கி நிரப்புங்கள். கையில் உணவைக் கொடுங்கள். அவள் மெல்லும்போது குப்பையை அவள் பையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்கான தீனியை வையுங்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாகத் தகவல்: அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம், ஏற்றமா இறக்கமா, கட்-ஆஃபுக்கு எவ்வளவு நேரம் மிச்சம். இந்த மூன்றுக்கு மேல் நான்காவது தகவல் வேண்டாம். மொத்தம் நான்கு நிமிடம்.

கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். ஆறு மணி நேரம் ஓடிய தலைக்கு மெனு கார்டு படிக்கத் தெம்பு இருக்காது. கிழங்கை ஒரு கையிலும் மோரை ஒரு கையிலும் நீட்டுங்கள், ஒன்றை எடுப்பாள். "முடியுமா?" என்ற சொல் வாயில் வரவே கூடாது. "எப்படி இருக்கே?" கூட வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே, என்ன கலர்?" அதைவிட உருப்படியான கேள்வி எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மலையாளத் தொண்டர் முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு, "சேட்டா, டாக்டரானோ?" என்றார். ஏலக்காய் என்றேன்.

கொப்புளம் சின்னதாக இருந்து வலிக்கவில்லை என்றால் மேலே டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். புடைத்து வலித்தால், ஊசியைச் சுத்தம் செய்து ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல் தோலைக் கிழிக்காமல் அப்படியே வைத்து, துடைத்து, காய்ந்த பிறகு டேப். டேப்பின் முனைகளை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் சாக்ஸில் சுருண்டு இன்னொரு கொப்புளம் போடும். அவளுடைய பாதத்தை மடியில் வைத்து இதைச் செய்யும்போது எஸ்டேட் பெண்கள் கொழுந்துக் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "பாருங்கடி, புருசன்னா இப்படி இருக்கணும்" என்று ஒரு அம்மா சொன்னார். அந்தக் கொப்புளத்தில் கவனம் கொஞ்சம் பிசகித்தான் போனது.

நடுவில் வரும் கெட்ட நேரம்

பாதி தாண்டி முக்கால் வருவதற்குள் ஒரு பள்ளம் வரும். முகம் செத்திருக்கும். உங்கள் மேல் பாய்வாள். டப்பாவைச் சரியாக அடுக்கவில்லை, மோர் புளிக்கிறது, நீ எதுக்கு வந்தே. பதில் பேசாதீர்கள். அநேகமாக அது பசி. எங்கள் வீட்டில் அதற்கு 'கிழங்கு நேரம்' என்று பெயர். கோபம் வந்தால் கிழங்கு. சர்க்கரை ரத்தத்தில் ஏறிப் பதினைந்து இருபது நிமிடத்தில் வேறு ஆளாக எழுந்திருப்பாள்.

அழுதால் அழட்டும். அழுதுகொண்டே சாப்பிட முடியும், நான் பார்த்திருக்கிறேன். தோளைத் தொடுங்கள், ஆனால் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடாதீர்கள், அப்புறம் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டீர்கள். பொய் சொல்லாதீர்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்று நான் ஒரு தடவை சொன்னேன், அதில் ஏழு கிலோமீட்டர் ஏற்றம் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் அவள் பார்த்த பார்வைக்கு மருந்து இல்லை. "ஏழு கிலோமீட்டர், முதல் மூணு ஏத்தம், மிச்சம் இறக்கம்" என்று உள்ளதைச் சொன்னால் அவள் பிரித்துக்கொள்வாள்.

வீட்டிலிருந்து மகள் பேசிய குரல் பதிவு ஒன்றை இந்த நேரத்துக்காகவே போனில் வைத்திருப்பேன். ஒரு தடவைதான் போட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எழுந்து ஓடினாள்.

காத்திருக்கிற நேரம்

ஒரு நாளில் நீங்கள் அவளைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். மிச்ச பத்து மணி நேரம் உங்களுடையது. சாப்பிடுங்கள், வண்டியைச் சாய்த்துப் போட்டு அலாரம் வைத்துத் தூங்குங்கள். கீழே இறங்கும்போது ஸ்டீயரிங் உங்கள் கையில்தான் இருக்கப் போகிறது. தூக்கம் கண்ணைச் சொருகினால் அன்றிரவு மேலேயே அறை எடுத்துவிடுங்கள், கொண்டை ஊசி வளைவு உங்கள் அசதிக்காகக் காத்திருக்காது.

பொழுது போகவில்லை என்று தேயிலைக் காட்டுக்குள் நடக்கக் கிளம்பாதீர்கள். இது யானை நடக்கிற ஊர். சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்து இடம் மாற்றிய அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தது நமக்கு மறந்திருக்காது. மூணாறில் படையப்பா என்று ஊரே பெயர் வைத்த யானை ரோட்டிலேயே நிற்கும். காலையில் டீக்கடையில் "யானை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், எஸ்டேட் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது. குறுக்குவழியில் இறங்கி அவளைப் போட்டோ எடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பாதையில் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் போனார்கள். போடிக்காரர்களுக்கு அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். அனுமதி இல்லாத பாதை என்றால் இல்லைதான்.

அவள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். சொதப்பல் நேரம் தாண்டும் வரை சும்மா இருங்கள். தாண்டினால் எய்டு ஸ்டேஷன் பொறுப்பாளரிடம் பிப் எண்ணைச் சொல்லி, முந்தைய நிறுத்தத்தை எப்போது கடந்தாள் என்று கேளுங்கள். அவர்களிடம் பெரும்பாலும் வயர்லெஸ் இருக்கும். நீங்களே பாதையில் தேடிப் போகாதீர்கள், அப்புறம் இரண்டு பேரைத் தேட வேண்டும்.

முடிந்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் போட்டோவுக்கு ஒரு நிமிடம். அப்புறம் உடனே ஈரச் சட்டையைக் கழற்றிக் காய்ந்த துணி, குல்லா, போர்வை. உட்கார வைப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மெல்ல நடக்க விடுங்கள், சட்டென்று நின்றால் தலை சுற்றி விழுவார்கள். அரை மணிக்குள் கஞ்சியோ சோறோ முட்டையோ ஏதாவது. முதல் சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள். வலி மாத்திரை அன்றிரவும் வேண்டாம். நீர் நன்றாகப் போன பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

இறங்கும்போது அவளை முன் சீட்டில் சாய்த்து உட்கார வையுங்கள், கையில் ஒரு கவர் கொடுங்கள். வெறும் வயிறும் 17 வளைவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் ஒரு தடவை நிறுத்திக் கால் நீட்ட விடுங்கள்.

அடுத்த மூன்று நாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி இறங்குவாள். சிரிக்காதீர்கள். ஒன்றிரண்டு கால் நகம் கறுத்து விழும், புதிதாக முளைக்கச் சில மாதம் ஆகும். ஷூவுக்குள் தினத்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விடும். நான்காவது நாள் வாக்கில் காரணம் இல்லாமல் ஒரு சோர்வு வரும். ஒரு வருடமாகக் காத்திருந்தது முடிந்துவிட்டதல்லவா. வெளியே எங்காவது கூட்டிப்போங்கள், மலைக்கு வேண்டாம்.

உங்கள் நோட்டையும் அந்த வாரமே எடுத்து, எது திரும்பி வந்தது, எது தீர்ந்தது, எங்கே தாமதமானது என்று எழுதிவிடுங்கள். போன தடவை எழுதியதில் கடைசி வரி அவள் கையெழுத்து: "மோர் புளிப்பு. கிழங்கு இன்னும் ரெண்டு சேத்து எடு."